நிலவுக்கு விரித்த குடை

அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். என் வீட்டுக்காரர் குடை பிடித்தது சாயங்காலம் ஆறரை மணிக்கு. அவருக்கு வாழ்வும் வந்திருக்கவில்லை.

யுத்தத்தின் நடுவில், ரங்கூனிலிருந்து அவர் திரும்பி வந்த அன்று சித்தூர் ரயிலடிக்கு நானும் என் தகப்பனார் நைனாவும் போயிருந்தோம். இடுப்பில் மூன்று வயதை எட்டப்போகும் என் மகள். அவளுக்கு அப்பா என்றால் சுவரில் மாட்டியிருந்த ஒரு போட்டோ. ரங்கூனில் குண்டு விழுந்த செய்தி வந்த பிறகு ஐந்து மாதம் கடிதமே இல்லை. அப்புறம் கல்கத்தாவில் அகதிகள் தங்கியிருந்த முகாமிலிருந்து ஒரு தபால் கார்டு வந்தது. 'உயிரோடு இருக்கிறேன். வருகிறேன்.' அவ்வளவுதான். 'இருக்கிறேன்' என்று ஒருமையில் எழுதியிருந்தது எனக்கு உறுத்தியது. அவர் போனபோது தனியாகப் போகவில்லை, தம்பியையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார்.

காட்பாடி வண்டியிலிருந்து ஒருவர் மட்டும் இறங்கினார். கன்னம் ஒட்டிப் போய், யாரோ கொடுத்த கால்சட்டையை இடுப்பில் கயிற்றால் கட்டியிருந்தார். கையில் பெட்டி இல்லை, ஒரு கறுப்புக் குடை மட்டும். நான் அவருக்குப் பின்னால் தம்பியைத் தேடினேன். அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். நைனா தொப்பியைக் கழற்றினார்.

ரயிலடியை விட்டு வெளியே வந்ததும் கிழக்கே நிலா ஏறியிருந்தது, பௌர்ணமிக்கு ஒருநாள் முன்னால். அவர் நின்றார். குடையை விரித்தார். மழை இல்லை, வெயில் போய்விட்டது. வீடு வரைக்கும் குடையை நிலாவின் பக்கம் சாய்த்துப் பிடித்தபடி, சுவரோரமாகவே நடந்து வந்தார். ஜட்காக்காரர்கள் அந்தப் பழமொழியைச் சொல்லிச் சிரித்தது என் காதில் விழுந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்கள் சித்தூரில் மிஷன் காம்பவுண்டில் குடியிருந்த தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். நைனா உபதேசியார், அதாவது ஊர் ஊராகப் போய் வேதம் சொல்கிறவர். அந்தக் காலத்தில் கிராமங்களில் மின்சாரம் ஏது? பகலில் ஜனங்கள் வயலுக்குப் போய்விடுவார்கள். அதனால் பிரசங்கக் கூட்டமெல்லாம் நிலாக் காலத்தில்தான். வளர்பிறையின் கடைசி ஐந்து நாட்கள், பொழுது சாய்ந்ததும் புறப்பட்டு, நிலா வெளிச்சத்தில் ஐந்தாறு மைல் நடந்து போய்ப் பாடி, பேசி, ஜெபித்துவிட்டு வருவார்கள். நிலாக் கூட்டம் என்றே அதற்குப் பெயர். அதற்காக ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சபைக் காலண்டர் ஒன்று அச்சாகி வரும். எந்தெந்த நாளில் நிலா எத்தனை மணிக்கு உதிக்கும் என்று அதில் போட்டிருக்கும். கூட்டத்துக்குரிய நாட்களைச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டு வைப்பது சின்ன வயதிலிருந்து என் வேலை.

எங்கள் வீடுகளில் பஞ்சாங்கம் கிடையாது. எங்கள் தாத்தா ஞானஸ்நானம் வாங்கிய அன்றைக்கே அதை அடுப்பில் போட்டுவிட்டதாகச் சொல்வார்கள். அமாவாசை, கிருத்திகை என்ற சொற்களை நாங்கள் வாயில் எடுப்பதே குற்றம். நிலாவைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் காலண்டர் சொன்னதுதான். இந்தச் சங்கதியை மறந்துவிடக் கூடாது, பிறகு நடந்ததெல்லாம் இதில்தான் வந்து முட்டியது.

என் வீட்டுக்காரர் நிலாக் கூட்டத்தில் கஞ்சிரா வாசித்தவர். அவர் தம்பி பாடுவான். எனக்கு நிச்சயம் ஆனதே அப்படியொரு கூட்டத்தில் நைனா அவரைப் பார்த்துத்தான். கல்யாணமாகி ஒரு வருஷம் கழித்து, நான் ஏழு மாதமாக இருந்தபோது, ரங்கூனில் ஒரு மரக் கிடங்கில் கணக்கர் வேலை கிடைத்து அண்ணனும் தம்பியும் கப்பல் ஏறினார்கள். ஒவ்வொரு டிசம்பரிலும் சபைக் காலண்டர் ஒன்றைச் சுருட்டி ரங்கூனுக்குத் தபாலில் அனுப்பினேன். சிவப்பு வட்டங்களும் போட்டே அனுப்பினேன். இந்தந்த நாளில் நாங்கள் கூட்டத்துக்குப் போயிருப்போம், நினைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதுவேன். புதுப் பெண்டாட்டியின் கொஞ்சல்தான், வேறென்ன.

வந்த மூன்றாம் நாள் சாயங்காலம் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, பெண்டாட்டியைக் கூப்பிடும் எங்கள் பக்கத்து வழக்கப்படி 'மே' என்று கூப்பிட்டுச் சொன்னார்.

"அது நிலா இல்ல மே. நெஜ நிலா எப்பவோ பூட்ச்சு. இது அவனுங்க தொங்க வுட்டது."

"யாரு?"

"அது தெரிஞ்சா சொல்லமாட்டனா? அதுக்குக் கண்ணு கீது. அது யாரப் பாக்குதோ, அவங்க மேல குண்டு கரீட்டா வந்து விழும்."

உடம்பு தேறினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். பைத்தியக்காரன் போல அவர் கத்தியிருந்தால் கூடப் பரவாயில்லை. மரக் கணக்குச் சொல்கிறவர் போல, நிதானமாக, ஒவ்வொன்றாக அடுக்கினார். விளக்கையெல்லாம் மூடச் சொல்கிற சர்க்கார் நிலாவைப் பற்றி ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? ரங்கூனில் குண்டு போட வந்ததெல்லாம் ஏன் நிலா நாளாகவே இருந்தது? எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று கேட்டார். மார்ச் மாதத்தில் நிலா எத்தனை மணிக்கு வரும் என்று டிசம்பரிலேயே எப்படி அச்சடிக்கிறார்கள்? ரயில் எப்போது வரும் என்று ரயிலை விடுகிறவனுக்குத்தானே தெரியும்?

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். எலுமிச்சம்பழத்தையும் விளக்கையும் வைத்துக்கொண்டு வளர்பிறை தேய்பிறை பாடம் நடத்தியவள். அதைச் சொன்னேன். அந்தப் பூகோளப் புத்தகத்தை அச்சடித்தது யார் என்று கேட்டார்.

அதே சமயம் சித்தூரே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஜப்பான்காரன் கப்பல் வருகிறது என்று பட்டணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு எங்கள் ஊருக்கு ஓடி வந்திருந்தார்கள். பித்தளைப் பாத்திரங்களோடு வதந்திகளையும் மூட்டை கட்டிக்கொண்டுதான் வந்தார்கள். இங்கேயும் விளக்குக்குக் கறுப்புத் துணி கட்டச் சொல்லித் தண்டோரா போட்டாயிற்று. ஊரெல்லாம் இருட்டாகிவிட்டால் நிலா எவ்வளவு பளிச்சென்று தெரியும்? அதுவரைக்கும் யாரும் ஏறிட்டுப் பார்க்காத நிலா, திடீரென்று தெருவையே காட்டிக் கொடுக்கிற மாதிரி அடித்தது. சந்தையில் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஜப்பான்காரன் தூக்கி நிறுத்திய கண்ணாடி அது, நாம் சோறு தின்கிறது கூட அதில் தெரியும் என்றான் ஒருவன். இல்லை, வெள்ளைக்காரன்தான் நிஜ நிலாவைக் கழற்றிச் சீமைக்கு அனுப்பிவிட்டு இதை மாட்டியிருக்கிறான் என்றாள் கீரைக்காரி. இதையெல்லாம் கேட்டு முன்பென்றால் சிரித்திருப்பேன். இப்போது வீட்டுக்குள் ஒருவர் உட்கார்ந்து அதையே சொல்லவே, கீரைக்குக் காசைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.

அடுத்த வளர்பிறைக் கூட்டத்துக்கு நைனா வற்புறுத்திக் கூப்பிட்டதால் அவர் ஜெப வீட்டுக்கு வந்தார். புறப்படுகிற நேரத்தில் எழுந்து நின்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார், வெளியே போகாதீர்கள் என்று. பர்மாவை நடந்தே கடந்து வந்த மனிதர் சொன்னால் யார் தள்ளுவார்கள்? நைனா வேதத்தைத் திறந்து, தேவன் நான்காம் நாளில் இரண்டு சுடர்களை உண்டாக்கினார் என்று வாசித்தார்.

"தேவன் வெச்சது வேற மாமா," என்றார் இவர். "இது வேற."

அன்றைக்கு யாரும் கிளம்பவில்லை. அடுத்த மாதமும் கிளம்பவில்லை. காம்பவுண்டில் வீட்டுக்கு வீடு ஜன்னலில் சாக்கைத் திணித்தார்கள். நான்கு பெண்கள், நிலா மேலே பட்டு கரு கலைந்துவிட்டது என்று ஒரே வாரத்தில் என்னிடம் சொன்னார்கள். விசாரித்தால் ஒருத்திக்குக் கூட அப்படி நடக்கவில்லை, எல்லோரும் வேறு யாரையோ பற்றித்தான் சொன்னார்கள். முப்பது வருஷம் தவறாமல் நடத்திய கூட்டம் தன் மருமகனால் நின்றுபோன அவமானத்தில் நைனா என்னோடு பேசுவதையே குறைத்துக்கொண்டார். அந்தச் சமயத்தில் திருப்பதியில் ஒரு சின்னப் பெண்கள் பள்ளியில் டீச்சர் வேண்டும் என்று தெரிய வந்தது. இடம் மாறினால் மனசு மாறும் என்று எழுதிப் போட்டேன்.

பகல் வண்டியில் போனோம். சந்திரகிரிக் கோட்டை தெரிந்தபோது, அந்த ராஜாக்கள் காலத்து நிலாவாவது உண்மையாக இருந்திருக்கும் என்று அவர் சொன்னார். வேடிக்கையாகச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

திருப்பதி வீடு ஓட்டு வீடு, இரண்டு அறை. கூரையில் வெளிச்சத்துக்காக ஒரு கண்ணாடி ஓடு பதித்திருந்தார்கள். முதல் வாரத்தில் அதன் வழியாக நிலா தரையில் ஒரு சதுரமாக விழும். என் மகள் தட்டை எடுத்துக்கொண்டு போய் அந்தச் சதுரத்துக்குள் உட்கார்ந்துதான் சாப்பிடுவாள். எட்டாம் நாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அவர் ஏணி வைத்து அந்த ஓட்டுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார். குழந்தை சாயங்காலமெல்லாம் அழுதது. மறுநாளிலிருந்து பொழுது சாய்ந்ததும் கதவுக்குத் தாழ். அந்தப் புழுக்கத்தில், காற்றில்லாத அறையில், வேர்த்து வேர்த்துக் குழந்தை இளைத்தது. நான் கெஞ்சினால், உனக்குத் தெரியாது மே என்பார். அவர் ஒரு நாளும் என்னை அடித்ததில்லை. அப்படியும் அவருக்குப் பயந்தேன். அடிக்கிறவன் எப்போது அடிப்பான் என்று பெண்டாட்டிக்குத் தெரியும். இவர் அடுத்து என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை.

பயம் தொற்று நோய். ஒரு காலை ஒன்பது மணிக்குக் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். நல்ல வெயில். தற்செயலாக மேற்கே பார்த்தேன். மலைக்கு மேல், நீல வானத்தில், பாதி நிலா வெளுப்பாக நின்றது. பட்டப்பகலில். கையில் நனைந்த புடவையோடு அப்படியே நின்றேன். பகலில் நிலா தெரியும் என்பது எந்தக் குழந்தையும் கண்ட விஷயம், நானும் கண்டிருக்க வேண்டும். ஆனால் ஆயிரம் முறை கண்ணில் பட்டதை மனசு எடுத்துக்கொள்ளவே இல்லை போலிருக்கிறது. அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்க்கிற மாதிரி இருந்தது. ராத்திரி அணைக்க மறந்த விளக்கு என்று தோன்றியது. யாரோ அவசரத்தில் மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். துணியைச் சேற்றில் போட்டுவிட்டு உள்ளே ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன். இதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது. பூகோள டீச்சரான நானே மூன்று வாரம் அதை நம்பினேன்.

என்னைக் காப்பாற்றியது பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரி. அவள் புருஷன் ஒரு மடத்தில் சமையல்காரன். நான் பகல் வேளையிலும் முக்காடு போட்டுக்கொண்டு தண்ணீருக்குப் போவதைப் பார்த்து, என்ன சங்கதி என்று பிடித்துக்கொண்டாள். தயங்கித் தயங்கி, நிலா வரும் நேரம் முன்கூட்டியே எப்படித் தெரிகிறது என்று மட்டும் கேட்டேன். அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"ஏமி டீச்சரம்மா, பஞ்சாங்கம் சூடலேதா, பாத்ததே இல்லையா? உகாதிக்கு உகாதி வாங்கறமே, எல்லாம் அதுல இருக்கே."

வீட்டுக்குள் போய், பருப்பு டப்பாவின் அடியிலிருந்து ஒரு பழைய பஞ்சாங்கத்தை எடுத்து வந்தாள். யுத்தம் தொடங்குவதற்கு முந்தியது, எண்ணெய் படிந்து, ஓரம் எலி கடித்தது. எனக்குத் தெலுங்கு வாசிக்க வரும். அந்த வருஷத்துப் பௌர்ணமியெல்லாம் இருந்தன. கிரகணம் கூட மணி, நாழிகையோடு இருந்தது. அவள் மாமனார் காலத்திலும், அவருக்கு அப்பன் காலத்திலும், மிஷனும் அச்சு மிஷினும் வராத காலத்திலும் இப்படித்தானாம். எனக்கு அழுகை வந்துவிட்டது. எந்தக் காலத்திலோ அடுப்பில் போட்ட ஒரு புத்தகத்துக்குள் இத்தனை நாளாக எனக்கு வேண்டிய பதில் இருந்திருக்கிறது. கள் பாட்டிலை ஒளித்துக்கொண்டு போகிறவள் மாதிரி பஞ்சாங்கத்தை முந்தானைக்குள் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். வெகுநேரம் பார்த்தார். கடைசியில் மூடி என்னிடம் நீட்டினார்.

"அப்போ பஞ்சாங்க ஐயருங்களுக்கும் தெரிஞ்சிருக்குது," என்றார்.

எனக்கு அன்றைக்கு இரண்டு விஷயம் புரிந்தது. நிலா நிலாதான். என் வீட்டுக்காரருக்கு அது நிலாவாக இருக்கக் கூடாது. ஏன் கூடாது என்பது மட்டும் விளங்கவில்லை.

அது விளங்கியது ஒரு மழை நாளில். பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போகலாம் என்று அவருடைய குடையை விரித்தேன். அதுவரை அதை யாரும் தொட விடமாட்டார், அன்றைக்குத் தூங்கிக்கொண்டிருந்தார். விரித்ததும் கம்பியோடு கட்டியிருந்த நூல் இற்று அறுந்து, எண்ணெய்த் தாளில் சுற்றிய ஒரு பொட்டலம் விழுந்தது. பிரித்தால் சபைக் காலண்டர். நான் ரங்கூனுக்கு அனுப்பியதில் கடைசியாக அனுப்பியது. அதன் ஒரு மாதம் மட்டும், எட்டாக மடித்திருந்தது. என் கையால் போட்ட சிவப்பு வட்டங்கள். அவற்றில் ஒரு நாளின் மேல் விரல் தேய்த்துத் தேய்த்துத் தாளே ஓட்டையாகியிருந்தது.

நிமிர்ந்தபோது அவர் விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்காமலேயே சொன்னார். நடந்து வந்த கூட்டம் ஒரு ஆற்றங்கரையில் தங்கியிருந்தது. தம்பிக்குக் காலில் புண். விடிந்ததும் படகேறலாம் என்று தம்பி சொன்னானாம். இவர் காலண்டரைப் பார்த்திருக்கிறார். சிவப்பு வட்டம் போட்ட நாள். ஊரில் இத்தனை வருஷம் அந்த வெளிச்சத்தை நம்பி நடந்தவர் அல்லவா? நிலாக் கூட்டத்துக்குப் போகிற மாதிரி நினைத்துக்கொள், பயப்படாதே, பாடிக்கொண்டே வா என்று தம்பியைக் கிளப்பிக்கொண்டு படித்துறைக்கு இறங்கியிருக்கிறார். மணல் பால் போல வெளுத்துக் கிடந்ததாம். விமானத்துக்கு விளக்கே வேண்டியிருக்கவில்லை.

"நான்தான் மே கூட்டிக்கினு போனேன்," என்றார். "நிலா நல்லாத்தான் கீதுன்னு நான்தான் சொன்னேன்."

அது நிஜ நிலாவாக இருந்தால் அவரே தம்பியைக் கொன்றவர். பொய் நிலாவாக இருந்தால் அவரும் ஏமாந்தவர். அவ்வளவுதான் சங்கதி. இந்தப் பக்கம் நான் அந்த வட்டத்தைப் போட்டவள். அதற்குப் பிறகு நிலாவைப் பற்றி அவரோடு நான் வாதாடவில்லை. வாதாடி ஜெயித்தால் என்ன ஆகும் என்று பயந்தேன்.

அடுத்த பௌர்ணமியன்று குழந்தைக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. மத்தியானம் வரைக்கும் கஷாயம் கொடுத்துப் பார்த்தேன். சாயங்காலம் மூச்சில் ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது, மரம் அறுக்கிற மாதிரி. ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக் குழி உள்ளே இழுத்தது. பக்கத்து வீட்டுக்காரி வந்து வாயைத் திறந்து பார்த்தாள், உள்ளே வெள்ளையாகப் படலம் கட்டியிருந்தது. தொண்டை அடைப்பான், ஆஸ்பத்திரிக்கு ஓடு என்றாள். பெரிய ஆஸ்பத்திரி ஊருக்கு மேற்கே ஒரு மைல். பௌர்ணமிக்கு மலைக்கு வந்த யாத்திரைக்காரர்களை ஏற்றிக்கொண்டு வண்டியெல்லாம் போயிருந்தது, நடக்க வேண்டியதுதான். நான் குழந்தையைப் போர்வையில் சுற்றி எடுத்து வாசலுக்கு வந்தபோது, கிழக்கே வீட்டுக் கூரைகளுக்கு மேல் நிலா எழும்பிக்கொண்டிருந்தது. பெரிதாக, செம்மண் நிறத்தில்.

அவர் கதவுக்குக் குறுக்கே நின்றார்.

"விடிஞ்சதும் போலாம்," என்றார்.

"விடியறதுக்குள்ள மூச்சு நின்னுடும்."

"வெளிய வேணாம் மே. சொன்னா கேளு. அது பாத்துக்கினு கீது."

அவர் கண்களில் நான் கண்டது கோபம் இல்லை, வெறும் பயம். பயந்தவனை எப்படித் தள்ளிவிட்டுப் போவது? அடுப்புப் பக்கம் நகர்ந்து, விறகுக் கட்டை ஒன்றை வலது கையில் எடுத்தேன். முருங்கை மாதிரி இலகுவானதல்ல, நல்ல வேல மரம். அதைக் குழந்தையின் இடுப்புக்குக் கீழே அண்டை கொடுத்துத் தாங்குகிற மாதிரி போர்வைக்குள் பிடித்துக்கொண்டேன். தலையில் அடிப்பது என்று தீர்மானித்துவிட்டேன். என் வாழ்க்கையில் அப்படி ஒன்றைத் தீர்மானித்தது அந்த ஒரு தடவைதான். கை நடுங்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

குழந்தை அப்போது மூச்சை இழுத்தது, இழுத்தது, வரவில்லை. உதடு நீலமாயிற்று. பிறகு எப்படியோ வந்தது. அவர் அதைப் பார்த்தார். சுவரிலிருந்து குடையை எடுத்தார். வீட்டுக்குள்ளேயே விரித்தார்.

"நீ முன்னால நட," என்றார். "திரும்பிப் பாக்காத."

நடந்தோம். எதிரே மேற்கு, நிலா முதுகுக்குப் பின்னால் தாழ இருந்தது. தலைக்கு மேல் குடை பிடித்தால் அதை மறைக்க முடியாது. அவர் எனக்குப் பின்னால் ஓரடி விட்டு, குடையைக் கேடயம் மாதிரி சாய்த்து, என்னையும் குழந்தையையும் நிலாவையும் பிரித்துக்கொண்டு வந்தார். குடையின் மறைவு எங்கள் இருவருக்கும்தான். அவருடைய முதுகு முழுக்க வெளிச்சத்தில் இருந்தது. அதைப் பார்க்க நான் திரும்ப வேண்டியதில்லை. அவர் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் எனக்குக் கேட்டது. நல்ல புழுக்கத்தில், வேர்வை ஒழுகுகிற நேரத்தில், குளிர் ஜுரக்காரன் போல நடுங்கிக்கொண்டே வந்தார். மொட்டை அடித்த யாத்திரைக்காரர்கள் கூட்டமாக எதிரே வந்தார்கள், சந்தனம் பூசிய தலைகளில் நிலா அடித்தது. குடையைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். நான் கட்டையை விடவில்லை. எந்த நிமிஷமும் அவர் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு இருட்டைத் தேடி ஓடிவிடுவார் என்று முதுகெல்லாம் காதாக நடந்தேன்.

பாதி வழியில் அவர் குரல் கேட்டது.

"மே, இன்னும் பாத்துக்கினு கீதா?"

நான் குடைக்கு வெளியே எட்டி மேலே பார்த்தேன். துடைத்து வைத்த மாதிரி வானம், ஒரு துளி மேகம் இல்லை.

"மேகம் மூடிடுச்சுங்க," என்றேன். "ஒண்ணுமே தெரியல."

காலடிச் சத்தம் நிற்காமல் வந்தது.

ஆஸ்பத்திரியில் குழந்தையை என் கையிலிருந்து வாங்கி உள்ளே கொண்டு போனார்கள். ஊசி போட்டார்கள். இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் தொண்டையில் துளை போட வேண்டியிருக்கும் என்று டாக்டரம்மா ஏசினாள். சற்று நேரத்தில் அந்த மரம் அறுக்கிற சத்தம் மெல்லக் குறைந்தது. பிழைத்துக்கொள்வாள் என்று நர்ஸ் வந்து சொன்னாள். நான் வராந்தாவுக்கு வந்தேன். அவர் தூணுக்குப் பின்னால், வெளிச்சம் விழாத இடத்தில், மடித்த குடையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகு பிழிந்து எடுத்த மாதிரி நனைந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, பிழைத்துவிட்டாள் என்றேன். தலையை ஆட்டினார்.

"மேகம் இல்லன்னு எனக்குத் தெரியும்," என்றார் பிறகு. "நெழலு முன்னாலயே வந்துக்கினு இருந்துச்சே."

அவர் என் கையைப் பார்த்தார்.

"கட்டய கீழ வெய்யி மே. வூட்ல எடுத்ததுலருந்து புடிச்சிக்கினே கீற, கை மரத்துப் பூடும்."

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். குழந்தையைக் கொடுத்த பிறகும் விறகுக் கட்டை என் கையிலேயே இருந்தது. கீழே வைக்கப் பார்த்தேன், விரல்கள் மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டன. அவர் என் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டார்.